வெள்ளைக் கோட்டு போட்டவர் சொன்னார்

புதியம்புத்தூரில் நான் வேலை பார்க்கிற தையல் கம்பெனியில், ஆர்டர் வந்தால் டாக்டர் கோட்டும் தைப்போம். அதை யார் வேண்டுமானாலும் வாங்கலாம். என்ன படித்திருக்கிறீர்கள் என்று எந்தக் கடையிலும் கேட்பதில்லை. இதெல்லாம் தெரிந்த நான்தான், போன் வீடியோவில் ஒருவர் வெள்ளைக் கோட்டு போட்டுப் பேசியதும் டாக்டர் என்று நம்பினேன்.

ராத்திரிச் சோறு விஷம் என்றார் அவர். எனக்கு இடுப்பு பெருத்திருந்த நேரம். இரண்டு நாள் கடைப்பிடித்தேன். மூன்றாம் நாள் பக்கத்து வீட்டில் வளைகாப்பு, ராத்திரியும் சாப்பிட்டுவிட்டேன். அதோடு போயிருந்தால் பரவாயில்லை. தினம் பஸ்ஸில் கோவில்பட்டி காலேஜுக்குப் போய்வருகிற மகளுக்கும் அந்த வீடியோவை அனுப்பினேன். கூடவே, "டாக்டரே சொல்லுதாரு, நீயும் கொஞ்சம் கொறைச்சுக்கோ" என்று ஒரு வரி.

அவள் என்னைப் போல இல்லை, சொன்னால் செய்கிறவள். முதலில் ராச்சோறு போனது, பிறகு காலை இட்லி. மதியச் சோற்றை பஸ்ஸிலேயே தோழிகளுக்குக் கொடுத்திருக்கிறாள், அது பின்னால்தான் தெரிந்தது. சுடிதார் தொளதொளத்தது. மூன்று தடவை பிடித்துத் தைத்துக் கொடுத்து, மூன்று தடவையும் கம்பெனியில் பெருமையாகச் சொன்னேன். நாலாவது தடவைக்குள் காலேஜில் மயங்கி விழுந்துவிட்டாள்.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா சாதாரணச் சேலையில் இருந்தார். எனக்கு அதிலேயே கொஞ்சம் சந்தேகம். மகளின் கையைப் பிடித்துப் பார்த்து, கடைசியாக எப்போது தீட்டு வந்தது என்று கேட்டார். நாலு மாசம் ஆச்சு என்றாள். அவள் இடுப்பளவு எனக்கு மனப்பாடம். இது தெரியாது.

டாக்டரம்மாவிடம் வீடியோவைக் காட்டினேன்.

"இவரு என்ன படிச்சிருக்காரும்மா? எங்கன வேலை பாக்காரு?"

தேடினேன். படிப்பைப் பற்றி ஒரு வரி இல்லை. அவர் விற்கிற பவுடர் டப்பாவுக்கு மட்டும் கீழே ஆறு லிங்க் இருந்தது. வெட்கம் பிடுங்கித் தின்றது.

"இது பிடிவாதம் இல்லம்மா, நோய். ஏசாதீங்க. கூட உக்காந்து சாப்பிடுங்க" என்று சொல்லி, மனநல டாக்டருக்கும் சீட்டு எழுதிக் கொடுத்தார்.

மறுநாள் காலை இரண்டு பேருக்கும் இட்லி வைத்தேன். அவள் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அவரு சொன்னது பொய்யின்னே வச்சுக்கிடுவோம். டாக்டரம்மா சொல்லுதது நிசம்னு எப்படிம்மா தெரியும்?"

நியாயமான கேள்வி.

"அவரு உன்னையப் பாக்காமலே சொன்னாருட்டி. இவிய பாத்துட்டுச் சொல்லுதாவ."

"நீயும் தெனம் என்னையப் பாத்துக்கிட்டுத்தானம்மா இருந்த?"

"ஆமாட்டி" என்றேன். அழுகை வந்தது, அழுதேன். அவள் ஒரு விள்ளல் பிய்த்து வாயில் போட்டு, வெகுநேரம் மென்றுகொண்டிருந்தாள்.