மூன்றாம் மாடியில் ஒருவர்

இருபது வருடம் வார்டு வார்டாக ஓடியாடிய நர்ஸ்தான். ஆனாலும் இரண்டு விமானம் மாறி வெளிநாட்டு நகரத்தில் வந்திறங்கிய அன்று, லிஃப்ட் இல்லாத கட்டடத்தில் பெட்டியோடு மூன்று மாடி ஏறியதும் கால் ஓய்ந்து படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். அவளுடைய அறை ஐந்தாம் மாடியில்.

காய்கறிப் பையோடு மூச்சிரைக்க ஏறிவந்த பெரியவர் ஒருவரும் பக்கத்தில் பொத்தென்று உட்கார்ந்தார். பாஷை தெரியாது. பழக்கதோஷத்தில் அவர் மணிக்கட்டைப் பிடித்து நாடி பார்த்தாள். பயமில்லை என்று சிரித்துத் தலையாட்டினாள். அவர் ஒரு ஆப்பிளைக் கொடுத்துவிட்டு, எதிர்க் கதவைத் திறந்து உள்ளே போனார்.

அறைக்கு வந்து படுத்ததும் கணவன் போன் செய்தான்.

"அங்க யாரையுமே தெரியாதே, எப்படிம்மா சமாளிப்ப?"

"மூணாவது மாடியில ஒருத்தரைத் தெரியும். பேருதான் இன்னும் கேக்கல."

அவன் அடுத்த கேள்வி கேட்பதற்குள் குறட்டை கேட்டது.