பெரியாயி பேசிய மீதி

பெரியாயிக்கு ஆண்டவன் கொடுத்தது ஒரே ஒரு நல்ல தொண்டை. வேறு எதையும் அவன் தாராளமாகக் கொடுத்ததாகத் தெரியவில்லை. இலங்கையில், நமுனுகுல மலையின் மேல் சரிவில் தேயிலைக் கொழுந்து எடுத்துக்கொண்டே அவள் யாரையாவது கூப்பிட்டால், கீழே கூலிக்காரர்களின் லயத்து வீடுகளில் ஈர விறகோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறவள்கூட "என்னாங்கடி?" என்று வெளியே வந்து பார்ப்பாள். அப்படி ஒரு குரல். அந்தக் குரலைத்தான் ஒரு மனுஷன் பெட்டியில் போட்டுக் கொண்டுபோய் அவள் தலையிலேயே மண்ணை அள்ளிப் போட்டான்.

அவள் புருஷன் நல்லையாவோடு துறையூர்ப் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து தோட்டத்துக்கு வந்தது 1903இல். இருவரையும் கூட்டிவந்தவர் அதே ஊர்க்காரர், தலைக்கு இவ்வளவு என்று காசு வாங்கித் தோட்டத்துக்கு ஆள் சேர்க்கிற மாரிசாமி கங்காணி. ஒருவகையில் உறவும்கூட. பெரியாயி அவரை மாமா என்றுதான் கூப்பிடுவாள். ஐந்தாம் வருஷம் நல்லையாவுக்கு வயிற்றோட்டம் கண்டது. மூன்றே நாளில் ஆள் போய்விட்டான். பதினைந்து நாள் கழித்துக் கைப்பிள்ளையும் போயிற்று. இரண்டு குழிக்கும் கோடித் துணி கொடுத்தவர் மாரிசாமி மாமாதான். மழையில் நனைந்துகொண்டே கடைசிவரை நின்றவரும் அவர்தான். அதை அவள் மறக்கவே இல்லை. மறந்திருந்தால் எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும்!

ஊரில் அவளுக்கு ஆத்தாவும் ஒரே தங்கச்சி பூவம்மாவும் இருந்தார்கள். பூவம்மாவுக்கு அப்போது பதினாறு, பதினேழு வயது. இந்தக் குளிருக்கும் அட்டைக்கும் அவள் வந்துவிடக் கூடாது, ஆத்தாவுக்குத் துணையாக ஊரிலேயே இருக்க வேண்டும் என்பது ஒன்றுதான் பெரியாயிக்கு மிச்சமிருந்த ஆசை. கணக்கப்பிள்ளையிடம் சொல்லிக் கடுதாசி போட்டாள்: புருஷன் இறந்துபோனார், பிள்ளையும் போய்விட்டது, தங்கச்சியை எக்காரணம் கொண்டும் அனுப்பாதே. நாலு மாதம் கழித்துப் பதில் வந்தது. "மாப்பிள்ளைக்குத் தீபாவளிக்கு வேட்டி எடுத்து வைத்திருக்கிறேன், பேரனுக்குப் பல் முளைத்துவிட்டதா?" என்று ஆத்தா கேட்டிருந்தாள்.

கடுதாசியைக் கையில் வைத்துக்கொண்டு பெரியாயி அன்றைக்குப் பூராவும் அழுதாள். எழுதினவன் மாற்றி எழுதினானா, ஊரில் வாசித்துக் காட்டினவன் மாற்றி வாசித்தானா, யாருக்குத் தெரியும்? எழுத்துத் தெரியாதவளுக்கு நடுவில் இருக்கிறவன் சொன்னதுதான் சேதி. மாமாவை மட்டும் அவள் சந்தேகப்படவில்லை.

அந்தச் சமயத்தில்தான் பெட்டி வந்தது.

பதுளை பஜாரில் மொஹிதீன் கடையில் புது வரவு என்று மாரிசாமி கங்காணி அதை வாங்கி, கூலியாள் தலையில் ஏற்றிக் கொண்டுவந்தார். மரப்பெட்டி, பக்கத்தில் முடுக்குகிற சாவி, முகப்பில் ஊமத்தம்பூ மாதிரி விரிந்த தகரக் குழல். பெட்டிமேல் மெழுகில் செய்த ஓர் உருளை சுற்றும், அதன்மேல் ஓர் ஊசி ஊர்ந்து போகும், குழலிலிருந்து யாரோ பாடுவார்கள். லயமே திரண்டுவிட்டது. உள்ளே ஆள் இருக்கிறானா என்று ஒருத்தன் பெட்டிக்கு அடியில் குனிந்து பார்த்தான். பாடிக் களைத்திருப்பார் என்று ஒரு கிழவர் குழலுக்கு வெற்றிலை மடித்து நீட்டினார். சிரிக்காதீர்கள், அன்றைக்கு நீங்கள் இருந்தாலும் பாக்கையும் சேர்த்து நீட்டியிருப்பீர்கள்.

இன்னும் பெரிய வேடிக்கை, அந்தப் பெட்டி கேட்கவும் செய்யும். வெறும் மெழுகு உருளையை மாட்டி, வேறோர் ஊசியைப் பொருத்தி, குழலுக்குள் உரக்கப் பேசினால் பேச்சு மெழுகில் கீறிக்கொள்ளும். பிறகு எத்தனை தடவை வேண்டுமானாலும் கேட்கலாம். ஓர் உருளையில் வெற்றிலை போட்டுத் துப்புகிற நேரம்தான் பேச முடியும். கங்காணி தன் நாயைக் குரைக்கவைத்துப் பிடித்து, அதை நாய்க்கே போட்டுக் காட்டினார். நாய் பெட்டியைச் சுற்றிச் சுற்றி வந்து, கடைசியில் அதன்மேல் காலைத் தூக்கியது.

"பெரியாயி, நீ பேசு புள்ள" என்றார் கங்காணி. "அடுத்த மாசம் ஊருக்குப் போறேன். ஒன் கொரல ஆத்தாவுக்குக் கேக்க வைக்கிறேன்."

"எம் பேச்சு அப்படியே கேக்குமா மாமா? யாரும் மாத்த முடியாதே?"

"இதுல எவன் போயி மாத்துறது? நீ இருமுனா இருமலும் கேக்கும்."

குரலைக் கொடுத்தால் ஆயுசு குறையும் என்று பக்கத்து அறைப் பொம்பளைகள் கையைப் பிடித்து இழுத்தார்கள். குறைந்தால் குறையட்டும் என்று அவள் போய் நின்றாள். நடுவில் கணக்கப்பிள்ளை இல்லை, வாசிக்கிறவன் இல்லை, தன் வாயிலிருந்து ஆத்தா காதுக்கு நேரே போகப்போகிறது. அவளுக்கு அது போதும்.

ஆனால் எடுத்த எடுப்பில் சாவுச் சேதியை யாராவது சொல்வார்களா? கடுதாசி என்றாலும் சரி, ஆள் மூலம் சொல்லியனுப்பினாலும் சரி, முதலில் நலம் சொல்லி நலம் கேட்டுவிட்டுத்தான் மற்றது. பெற்றவளிடம் வாயைத் திறந்ததும் கெட்டதைச் சொல்வது ஆகாது. பெரியாயி அந்த முறையை மீறவில்லை. "ஆத்தா, நான் பெரியாயி பேசுறேன். நல்லா இருக்கேன். வயிறாரச் சாப்புடுறேன். குளிருக்குத் தோட்டத்துல கம்பளி குடுத்திருக்காங்க" என்று மலைக்கே கேட்கிற மாதிரிச் சொன்னாள். பிறகு மூச்சை இழுத்துக்கொண்டு உள்ளதைச் சொன்னாள். புருஷன் செத்ததை, பிள்ளை செத்ததை, பூவம்மாவை அனுப்பவே கூடாது என்பதை. சொல்லி முடிக்கவும் உருளை முடியவும் சரியாக இருந்தது. மாரிசாமி கங்காணி பக்கத்திலேயே நின்று எல்லாவற்றையும் கேட்டார். அவள் தோளில் தட்டிக்கொடுத்து, "நல்லாச் சொன்ன புள்ள" என்றார். தேய்ந்துவிடும் என்று அவளுக்கே அதைப் போட்டுக் காட்டாமல் உருளையைப் பஞ்சில் சுற்றி டப்பாவில் வைத்துக்கொண்டார்.

நாலு மாதம் கழித்து ஒரு காலையில், ஆள் எண்ணிப் பெயர் கூப்பிடுகிற பெரட்டுக் களத்தில் புது ஆட்களை வரிசையாக நிறுத்தியிருந்தார்கள். தூத்துக்குடியில் கப்பல் ஏறி, றாகமை நோய்த்தடுப்பு முகாமில் கிடந்து, பண்டாரவளைவரை ரயிலில் வந்து, எல்ல என்ற ஊர் வழியாக நடந்து வந்த முகங்கள். மூன்றாவதாக நின்றவள் பூவம்மா.

பெரியாயிக்குக் கூடை நழுவியது. "அடிப் பாவி! நீ ஏண்டி வந்த?"

தங்கச்சி சிரித்துக்கொண்டே ஓடிவந்தாள். "நீதானக்கா கூப்புட்ட!"

"நானா? நான் எப்பக் கூப்புட்டேன்?"

"கோயில் தெடல்ல கங்காணி மாமா பெட்டிய வச்சாரு. ஊரே நின்னு கேட்டுச்சு. வயிறாரச் சாப்புடுறேன், கம்பளி குடுத்திருக்காங்கன்னு நீ சொன்னியே! ஆத்தா அந்தக் கொழலக் கட்டிப் புடிச்சுக்கிட்டு அழுதுச்சு. போடீ, நீயாவது அக்காகூடப் போயி நல்லாச் சாப்புடுன்னு அதுதான் அனுப்பி வச்சுச்சு. நல்லையா மாமன் எங்க? குட்டிப் பய எங்க?"

"அதுக்குப் பெறகு நான் சொன்னது?"

"அதுக்குப் பெறகு என்ன? அத்தோட முடிஞ்சிருச்சு."

பத்தடி நீளமே உள்ள காம்பரா அறைக்குள் வந்து, மாமனும் இல்லை, பிள்ளையும் இல்லை என்று தெரிந்ததும் பூவம்மாவின் சிரிப்பு போய்விட்டது. கிழிந்த கம்பளியைத் தூக்கிப் பார்த்தாள். "இதத்தான் பெருமையாச் சொன்னியா?" என்று கேட்டாள். தனியாகக் கிடக்க முடியாமல் பொய் சொல்லித் தன்னை வரவழைத்துவிட்டாள் அக்கா என்று அவள் முடிவு கட்டிக்கொண்டாள். மீதி இருக்குதுடி, உள்ளதெல்லாம் சொன்னேன்டி என்று பெரியாயி தலையில் அடித்துக்கொண்டதை அவள் காதிலேயே வாங்கவில்லை. கடன் தீர்ந்தது என்று எழுதிக்கொடுக்கிற துண்டுச் சீட்டு இல்லாமல் தோட்டத்தை விட்டுப் போனால் பிடித்துக்கொண்டு வந்துவிடுவார்கள். ஆகவே ஒரே காம்பராவில், ஒரே அடுப்பில், அக்காவோடு பேசாமலே இருந்தாள்.

பெரியாயி கங்காணி வீட்டு வாசலில் போய் நின்றாள். "மீதி என்னாச்சு மாமா?"

"ஊசி அதுக்கு மேல போகல புள்ள. கப்பல்ல உப்புக் காத்துப் பட்டிருச்சு. நான் என்ன பண்ணட்டும்?" என்று அவர் கையை விரித்தார். கோடித் துணி கொடுத்த கை அது. அவள் நம்பிவிட்டுத் திரும்பினாள்.

ஆனால் கங்காணி மறுபடியும் ஊருக்குப் போய்வந்தார், அதற்கப்புறம் இன்னொரு தடவையும் போய்வந்தார். ஒவ்வொரு தடவையும் இருபது முப்பது பேர் வந்தார்கள். மலைநீர் ஒழுகிவரும் பீலியில் தண்ணீருக்கு வரிசையில் நிற்கும்போது பெரியாயி வாயைத் திறந்தால், முன்பின் தெரியாத பொம்பளைகள் சட்டென்று திரும்பினார்கள். "இந்தக் கொரலக் கேட்டுத்தான நாங்க வந்தோம்! நீதானா அந்த மகராசி?" என்று ஒருத்தி முகத்துக்கு நேரே கேட்டாள். முசிறிக்காரி, புள்ளம்பாடிக்காரி, எல்லோரும் கேட்டிருந்தது கம்பளிவரைக்கும்தான். உப்புக் காற்று எல்லா ஊரிலும் ஒரே இடத்திலா ஊசியைப் பிடித்து நிறுத்தும்? அன்றைக்குத்தான் அவளுக்கு விளங்கியது. வார்த்தையை மாற்ற முடியாத பெட்டிதான், ஆனால் ஊசியைத் தூக்க ஒரு விரல் போதும். அதற்கப்புறம் அவள் மலையில் யாரையும் கூப்பிடுவதில்லை. தண்ணீருக்கு நிற்கும்போது முந்தானையால் வாயை மூடிக்கொள்வாள்.

மறு வருஷம் ஆடியில் மாரியம்மன் திருவிழா. கூழ் ஊற்றி முடிந்த மத்தியானம் மாரிசாமி கங்காணி கோயில் முன்னால் பெட்டியைக் கொண்டுவந்து வைத்தார். நாலைந்து பாட்டு ஓடியது. பெரியாயி கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தாள்.

"மாமா, எங் கொரல நான் இன்னும் கேக்கவே இல்லியே. இன்னிக்கிப் போடுங்க."

"அது எதுக்கு இப்ப? இன்னொரு நாளைக்குப் பாப்போம்."

"போடுங்க கங்காணியாரே! நாங்களும் கேக்குறோம்" என்று கூட்டம் கத்தியது. அம்மன் சன்னிதியில், முந்நூறு பேருக்கு முன்னால், அவரால் மாட்டேன் என்று சொல்ல முடியவில்லை. எந்த இடத்தில் தூக்க வேண்டும் என்றுதான் அவருக்கு மனப்பாடமாயிற்றே! உருளையை மாட்டினார்.

முதலில் கரகரவென்று இரைச்சல்தான் வந்தது. மெழுகு அப்படித்தான், ஒவ்வொரு தடவை ஊசி ஊரும்போதும் கொஞ்சம் தேய்ந்துபோகும். எத்தனை சந்தையில், எத்தனை கோயில் திடலில் அதை ஓட்டினாரோ, 'நல்லா இருக்கேன்' என்பது அடைமழைக்குள்ளிருந்து யாரோ முனகுவது போலத்தான் கேட்டது. கூட்டம் காதைத் தீட்டிக்கொண்டு நெருங்கியது. 'கம்பளி' என்ற சொல் வந்ததும் கங்காணியின் விரல் ஊசிப் பிடிக்குப் போனது. பெரியாயி இரண்டு கையாலும் அந்த மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். அவர் உதறிப் பார்த்தார். அவள் விடவில்லை.

இரைச்சல் நின்றது. ஒருமுறைகூட ஊசி படாத மெழுகு. நேற்றுப் பேசின மாதிரி, மணி மாதிரி, பெரியாயியின் குரல் குழலிலிருந்து வந்தது.

"ஆத்தா, இனிமே சொல்றதத்தான் நல்லாக் கேளு. ஒம் மருமகன் செத்துப் போயிட்டாரு. ஒம் பேரனும் போயிட்டான். நான் ஒண்டியாக் கெடக்கேன். எவன் வந்து என்ன சொன்னாலும் பூவம்மாள மட்டும் இங்க அனுப்பிறாத ஆத்தா. ஒங் காலப் புடிச்சுக் கேக்குறேன், அனுப்பிறாத."

பாதி தேய்ந்திருக்கிறது, பாதி புத்தம் புதிதாக இருக்கிறது. அதற்கு என்ன அர்த்தம் என்று யாரும் யாருக்கும் விளக்கிச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அந்தக் குரலை நம்பிக் கடல் தாண்டி வந்தவர்கள் பெட்டியைப் பார்த்தார்கள், பிறகு கங்காணியைப் பார்த்தார்கள். புள்ளம்பாடிக்காரி காறித் துப்பினாள்.

கங்காணி கையை உருவிக்கொண்டார். உருளையைப் பிடுங்கித் தரையில் போட்டுச் செருப்புக் காலால் மிதித்தார். அது மண்சட்டி மாதிரி நொறுங்கியது. "பழைய சாமான், தேஞ்சு போச்சு. போங்க, போயி அவங்கவங்க சோலியப் பாருங்க" என்று சொல்லிவிட்டுப் பெட்டியைத் தூக்கச் சொன்னார். அவர் முகத்தில் வெட்கம் இருந்ததா என்று கேட்டால், எள்ளளவும் இல்லை. மறுநாள் காலை அதே பெரட்டுக் களத்தில் அதே தடியோடு நின்று அவர்தான் பெயர் கூப்பிட்டார்.

பூவம்மா வந்து அக்காவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். ஒரு வருஷத்துக்கு மேல் பேசாத வாய், "அக்கா" என்றது. தங்கச்சி தன்னை நம்பிவிட்டாள், இனி என்ன வந்தாலும் வரட்டும் என்றுதான் அந்த நிமிஷம் பெரியாயி நினைத்தாள்.

பூவம்மா நொறுங்கிக் கிடந்த மெழுகையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஆத்தா இதக் கேக்கலியேக்கா" என்றாள். "நாம ரெண்டு பேரும் இங்க வயிறாரச் சாப்புடுறோம்னு அது அங்க ஊரெல்லாம் சொல்லிக்கிட்டு இருக்கும்."