சும்மா இருக்கறவன் எழுதின பஸ் ஆப்

இன்னைக்கு தருமபுரி பஸ் ஸ்டாண்ட்ல, எனக்கு மாமனார் ஆகியிருக்க வேண்டியவரைப் பார்த்தேன்.

மாதா கோயில்ல, எங்க கல்யாணத்தை மூணு வாரம் ஊரறிய அறிவிக்கற ஓலையில முதல் ஓலை வாசிச்ச வாரமே பெங்களூர்ல என் வேலை போச்சு. ரெண்டாவது ஓலையை வாசிக்க வேணாம்னு ஃபாதர்கிட்ட போய்ச் சொன்னவர் இவர்தான்.

"என்ன தம்பி, வூட்ல சும்மாதான் இருக்கீங்களா?"

"ஆமாங்க, சும்மாதான்."

அரூர் பஸ் எப்பன்னு அவர் சம்சாரம் கேட்டாங்க. மனுசன் போனை எடுத்துப் பார்த்தார்.

"இப்ப வந்துரும். இந்த ஆப் சொன்னா சொன்னதுதான். எவனோ மூளைக்காரன் பண்ணியிருக்கான்."

எவனோ இல்லீங்க. காலேஜ் படிக்கறப்ப யூடியூப் பார்த்து நானா எழுதின முதல் ஆப் அது. அப்போ அது, போயிட்ட பஸ்ஸையெல்லாம் இனிமேதான் வரும்னு காட்டும். வேலை போனப்புறம் வூட்ல உக்காந்து, ஒவ்வொரு வரியா திருத்தி எழுதினேன்.

அதைச் சொல்லாம என் பஸ்ல ஏறிட்டேன். வூட்டுக்கு வந்ததும் ஒரு அப்டேட் விட்டேன். இனிமே ஆப்பைத் திறந்தா முதல்ல என் போட்டோ. அதுக்குக் கீழ, "இதை எழுதினவர் வூட்ல சும்மாதான் இருக்கார்." பத்து நொடி அதைப் பார்த்தாதான் பஸ் நேரம் தெரியும்.

கல்யாணப் பத்திரிகைக்குன்னு கோட் போட்டு எடுத்த போட்டோவைத்தான் வெச்சிருக்கேன். எப்படி இருக்குன்னு பார்த்துச் சொல்லுங்க. அவர் தினமும் பார்க்கப் போறாரில்ல, நல்லா இருக்கணும்.