பசிக்காத ஃபாண்ட்

“கணினி திறக்க இருபத்திரண்டு நிமிடம். அழைப்பிதழ் இன்றே அச்சுக்குப் போகவேண்டும்.” 2004ஆம் ஆண்டு நாட்குறிப்பில், ஆவணி மாதத்துப் புதன்கிழமை ஒன்றுக்கு எதிரே இப்படி எழுதியிருக்கிறேன். தங்கையின் கல்யாண அழைப்பிதழைப் புதுவாயலில் ஒரு டி.டி.பி. கடையில் கொடுத்திருந்தோம். கடைக்கார அம்மா கைக்குக் கிடைத்த ஃபாண்ட்டையெல்லாம் ஏற்றி வைத்ததில் கணினி நகர மறுத்தது.

பழுதுபார்க்க வந்தவர் ஷிப்ட் முடிந்து இரும்பு ஆலைச் சீருடையிலேயே வந்திருந்தார். புருவத்தில் கரி. ஒவ்வொரு ஃபாண்ட்டிலும் ‘பிரியாணி’ என்று அடித்து, கடையில் நின்ற எல்லோரையும் கேட்பார்.

“பாத்தா பசிக்குதா? பசிக்கலன்னா தூக்கிடுவேன்.”

ஜெராக்ஸ் எடுக்க வந்தவர்களும் ஓட்டுப் போட்டார்கள். சிரித்துச் சிரித்து எனக்கு விக்கலே வந்துவிட்டது. வளைந்து நெளிந்த ஓர் எழுத்தைப் பார்த்து, “இது பத்தியச் சோறு, தூக்குங்க!” என்று நானே கத்தினேன்.

கணினி பறந்தது. ஆனால் அழைப்பிதழைத் திறந்தால், மணமக்கள் பெயர் முதல் முகூர்த்தம் வரை வெறும் கிறுக்கல். நான் தூக்கச் சொன்ன ஃபாண்ட்டில்தான் அதை அடித்திருந்தார்கள்.

“ஐயோ, இன்னா சார் பண்ணி வச்சீங்க!” என்று கடைக்கார அம்மா அலறினார்.

“பேஜாராவாதக்கா. எதையும் அழிக்கல, வேற ஃபோல்டர்ல குந்த வச்சிருக்கேன்,” என்றவர் அதை மீட்டுக் கொடுத்தார். அழைப்பிதழ் அன்றே அச்சுக்குப் போனது.

எங்கள் ஃபாண்ட் என்று தெரிந்தேதான் என்னைக் கத்த விட்டாரா? இதுவரை உறுதிசெய்ய முடியவில்லை.