பிரேக் அக்கா ஃப்ரிட்ஜை நகர்த்திய காலை

அவருக்குப் பெற்றோர் வைத்த பெயர் ஒன்று உண்டு. ஓட்டுநர் உரிமத்தைத் தவிர வேறெங்கும் அது புழங்குவதில்லை. தெரு மொத்தமும் அவரை பிரேக் அக்கா என்றுதான் கூப்பிடும். கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பது அவர் தொழில். கற்றுக்கொள்கிறவர் காலடியில் ஒரு பிரேக், பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் இவர் காலடியில் இன்னொரு பிரேக். வருஷக்கணக்கில் மிதித்து மிதித்து அந்தக் கால் யாரையும் கேட்காமல் வேலை செய்யப் பழகிவிட்டது. சினிமா பார்க்கும்போது திரையில் கார் வேகமெடுத்தால் இவர் கால் முன்னால் இருப்பவரின் நாற்காலியை அழுத்தும். அடுப்பில் பால் பொங்கினாலும் "பிரேக், பிரேக்" என்றுதான் வாயில் வரும்.

அந்தப் பால்தான் முதலில் காட்டிக்கொடுத்தது. முந்தின நாள் ஃப்ரிட்ஜில் வைத்த பால், காலையில் அடுப்பில் ஏற்றியதும் திரிந்தது. தக்காளி தோல் சுருங்கிப் படுத்துவிட்டது. குடிதண்ணீர் பாட்டிலைத் தொட்டால் அலமாரியில் வைத்ததற்கும் அதற்கும் வித்தியாசமே தெரியவில்லை. ஆனால் மேலே ஃப்ரீசரில் ஐஸ் கட்டி கல்லு மாதிரி இருந்தது. மாடியில் குளிர்காலம், கீழ் வீட்டில் கோடைக்காலம்.

அவர் கணவர் கடைகளுக்குப் பெயர்ப்பலகை எழுதுகிறவர். புதிதாக ஒன்று வாங்கிவிடலாம் என்றார். ஏற்கெனவே ஒன்றைப் பார்த்தும் வைத்திருந்தார். பழுத்த மிளகாய்ச் சிவப்பாம். அந்தச் சிவப்பைப் பற்றிச் சொல்லும்போது மனிதருக்குக் குரலே குழைந்தது.

"ஓடுற வண்டியை யாராவது தூக்கிப் போடுவாங்களா? முதல்ல எங்க கோளாறுன்னு பாக்கறேன்" என்று அக்கா சொல்லிவிட்டார்.

பார்க்கவும் ஆரம்பித்தார். உள்ளே இருக்கும் குளிர்ச்சித் திருகை அதிகத்துக்குத் திருப்பி ஒரு நாள் விட்டார். பால் மறுபடி திரிந்தது. அடுத்து, செய்தித்தாளைக் கிழித்து ஒரு துண்டைக் கதவிடுக்கில் வைத்து மூடி இழுத்தார். தாள் வழுக்கிக்கொண்டு வந்தால் கதவைச் சுற்றியுள்ள ரப்பர் தளர்ந்துவிட்டது, குளிர் அந்த வழியாக ஓடுகிறது என்று அர்த்தம். மேலே, கீழே, ஓரத்தில் என்று சுற்றிச் சுற்றி இழுத்தார். தாள் கிழிந்ததே தவிர வரவில்லை. கதவு மேல் குற்றமில்லை. மிச்சம் இருந்தது பின்பக்கம். உள்ளே இருக்கும் சூடு அங்கே இருக்கும் கறுப்புக் கம்பிகள் வழியாகத்தான் வெளியேற வேண்டும். அதில் தூசி அடைத்தால், காரின் ரேடியேட்டரில் சேறு அப்பின மாதிரி, மூச்சு முட்டும்.

விடுமுறை நாள் காலை. கணவர் குளிக்கப் போயிருந்தார். அக்கா பிளக்கைப் பிடுங்கிவிட்டு ஃப்ரிட்ஜைக் கட்டிப்பிடித்து இழுத்தார். அந்த வீட்டுச் சமையலறை ரயில் பெட்டியின் நடைபாதை அகலம்தான். வாசலை ஒட்டிய குழிவில் ஃப்ரிட்ஜ், எதிரே அடுப்பு மேடை. அக்கா உள்பக்கமாக நின்று இழுக்க, ஃப்ரிட்ஜ் சமர்த்தாக வெளியே வந்தது. பாதி திரும்பியது. பிறகு அதன் தோள் மேடைக் கல்லில் முட்டி, பின்சக்கரம் தரை ஓட்டின் விரிசலில் இறங்கி, குறுக்கே நின்றுவிட்டது. முதுகு அக்கா பக்கம், கதவு கூடத்துப் பக்கம். அந்தப் பக்கம் போக ஒரு பூனைக்குக்கூட இடமில்லை.

"என்னம்மா சத்தம்" என்று பின்னாலிருந்து குரல் வந்தது. அப்போதுதான் அக்கா திரும்பிப் பார்த்தார். டீ போட வந்த நாத்தனார், கையில் வடிகட்டியோடு, அவரோடு சேர்ந்து உள்ளே மாட்டிக்கொண்டிருந்தார்.

நாத்தனார் தபால் அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். தன் வீட்டுக் கூரையைச் சரிசெய்யும்வரை தம்பி வீட்டில் இருக்கலாம் என்று வந்தார். கூரை சரியான பிறகும் யாரும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. தந்தி கொடுக்கிறவர் மாதிரி ஒவ்வொரு சொல்லையும் எண்ணித்தான் பேசுவார். அக்காவுக்கும் அவருக்கும் சண்டை என்று எதுவும் கிடையாது. சிரிப்பு என்றும் எதுவும் கிடையாது.

இப்போது இரண்டு பேரும் தோளோடு தோள் இடிக்க நின்றார்கள். கணவர் ஈரத்தலையோடு ஓடி வந்து அந்தப் பக்கமிருந்து தள்ளிப் பார்த்தார். அசையவில்லை. அதே நேரம் வாசல் மணி அடித்தது. கார் பழக மருந்துக்கடைக்காரர் வந்திருந்தார். மாத்திரை அட்டைகளை மில்லிமீட்டர் பிசகாமல் அடுக்குகிற மனிதர், காரைப் பின்னால் எடுத்து நிறுத்தச் சொன்னால் மட்டும் வேர்த்து ஊற்றிவிடுவார். விஷயத்தைக் கேட்டதும் சட்டைக்கையை மடித்துவிட்டுக்கொண்டு அவரும் வந்து நின்றார். அக்காவுக்கு ஃப்ரிட்ஜின் தலைக்கு மேல் அவருடைய வழுக்கை மட்டும் தெரிந்தது.

மாட்டியது மாட்டியாயிற்று, வந்த வேலையைப் பார்ப்போம் என்று அக்கா பழைய பல் துலக்கும் பிரஷ்ஷை மேல் வழியாக வாங்கிக்கொண்டார். கம்பிகளில் தூசி கம்பளி போட்ட மாதிரி படிந்திருந்தது. அதை உருட்டி உருட்டி எடுக்க, நாத்தனார் வடிகட்டியை நீட்டி ஏந்திக்கொண்டார். தும்மல் வந்தது. ஒருவர் தும்ம, மற்றவர் தும்ம, ஃப்ரிட்ஜும் கூடவே குலுங்கியது.

பாரம் குறைந்தால் தூக்கி நகர்த்தலாம் என்று அக்காவுக்குத் தோன்றியது. உள்ளே இருப்பதையெல்லாம் எடுக்கச் சொன்னார். கணவர் ஃப்ரீசரைத் திறந்து, எடுக்க எடுக்கக் குரல் கொடுத்தார். பட்டாணி. ஐஸ் தட்டு. மீன். அப்புறம் சத்தமே இல்லை.

"ஏங்க, அப்புறம்?"

"பின்னாடி ஒரு டப்பா ஒட்டிக்கிட்டு இருக்கு."

"என்ன டப்பா?"

"மாம்பழ ஐஸ்கிரீம்" என்றார் கணவர், அடக்கமாக.

அந்த வீட்டில் இனிப்பு நுழைந்து வெகுகாலம் ஆகிறது. சர்க்கரையைக் குறைக்கச் சொல்லி டாக்டர் அக்காவிடம் சொன்ன அன்றே, உன் கண்ணெதிரே நாங்கள் மட்டும் சாப்பிட மாட்டோம் என்று கணவரும் நாத்தனாரும் வாக்குக் கொடுத்திருந்தார்கள். அக்கா மெல்லத் திரும்பினார். நாத்தனார் வடிகட்டியில் இருந்த தூசியை ரொம்ப அக்கறையாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அண்ணி?"

"என்னோடதுதான். உனக்குத் தெரிஞ்சா சங்கடப்படுவேன்னு பின்னாடி தள்ளி வச்சேன். நிறைய வாங்கி வச்சாலும் சீக்கிரம் குறைஞ்சுடுது. ஐஸ் வத்துதுன்னு நினைச்சேன்."

அக்கா மேல்பக்கமாக எட்டிப் பார்த்தார். "ஏங்க, டப்பா மேலதான் பனி மூடியிருக்குமே. மாம்பழம்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?"

மருந்துக்கடைக்காரர்தான் முதலில் ஒரு மாதிரி கனைத்தார். அடுத்த நொடி நாத்தனாரிடமிருந்து ஒரு சத்தம் வந்தது. குக்கர் விசிலடிக்கப் போகும்போது வருமே, அந்தச் சீறல். அவர் சிரிப்பு அப்படித்தான் இருக்கும் என்று அக்காவுக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. இவருக்கும் பற்றிக்கொண்டது. இருவரும் ஃப்ரிட்ஜின் முதுகில் சாய்ந்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வழியச் சிரித்தார்கள். நிறுத்துவோம் என்று நினைக்கும்போது ஒருவர் "வத்துது" என்பார், மறுபடி ஆரம்பிக்கும்.

அந்தச் சிரிப்பின் நடுவில்தான் அக்காவுக்குப் பொறி தட்டியது. காரில் குளிர்காற்று வருகிற துளையை ஒரு துணி அடைத்துக்கொண்டால், எஞ்சின் என்னதான் ஓடினாலும் பின்சீட்டில் புழுங்கும். குளிரெல்லாம் மேலேதான் உண்டாகிறது. பின்சுவரில் இருக்கும் துளை வழியாகத்தான் அது கீழே இறங்க வேண்டும். டப்பா எதன் மேல் ஒட்டியிருக்கிறது என்று கேட்டார். சீப்புப்பல் மாதிரி ஏதோ கோடுகள், ஒரே பனிக்கட்டி என்றார் கணவர். சுரண்டிவிடலாம் என்று, பெயர்ப்பலகையில் பழைய பெயிண்டைச் சுரண்டும் கத்தியை எடுக்கப் போனவரை அக்கா அதட்டி நிறுத்தினார். உள்ளே குழாய் கிழிந்தால் சிவப்பு ஃப்ரிட்ஜ்தான் வாங்க வேண்டும். அடுப்பு அக்கா பக்கம்தான் இருந்தது. வெந்நீர் வைத்து, கிண்ணத்தைத் துணி சுற்றி மேல் வழியாகக் கொடுத்தார். ஃப்ரீசருக்குள் வைத்து மூடியதும் பனி இளகியது, டப்பா தானாகக் கையோடு வந்தது.

இனி வெளியே வர வேண்டுமே. "சார், இதை வண்டின்னு நினைச்சுக்கங்க. ரிவர்ஸ்ல எடுத்துக் குழிக்குள்ள விடப்போறீங்க" என்றார் அக்கா. கணவர் முன்பக்கத்தைத் தூக்க, மருந்துக்கடைக்காரர் பிடித்துத் திருப்ப, இந்தப் பக்கமிருந்து இரண்டு பெண்களும் தோள்கொடுத்தார்கள். கொஞ்சம் இடது, இன்னும் இடது, இப்போ நேரா, மெதுவா என்று அக்கா சொல்லச் சொல்ல, சக்கரம் விரிசலைவிட்டு ஏறியது. ஃப்ரிட்ஜ் உறையில் கத்தி போகிற மாதிரி குழிவுக்குள் நுழைந்தது. சுவரில் இடிக்கிற கடைசி நொடியில் "பிரேக்" என்றார். அவர் கால் தரையை மிதித்தது. ஃப்ரிட்ஜ் நின்றது. மருந்துக்கடைக்காரர் தன் இரண்டு கைகளையும் யாருடையதோ மாதிரி பார்த்துக்கொண்டார்.

ஐஸ்கிரீம் உருகத் தொடங்கியிருந்தது. கூடத்தில் நின்றபடியே நான்கு பேரும் ஆளுக்கொரு ஸ்பூனோடு அதைச் சுற்றி வளைத்தார்கள். டாக்டருக்குத் தெரிய வேண்டாம் என்று அக்கா ஒரே ஒரு வாய் எடுத்துக்கொண்டார். ஆனால் ஸ்பூன் பெரியது, அதை நாத்தனார்தான் தேடிக் கொடுத்தார்.

பிளக்கைச் செருகியதும் உள்ளே மின்விசிறி உறுமியது. கீழ்த்தட்டில் கையை வைத்தால் மெல்லிய காற்று விரலைத் தொட்டது. அன்றைக்கு முழுவதும் யாராவது ஒருவர் போய்க் கதவைத் திறந்து கையை நீட்டிப் பார்த்துக்கொண்டே இருந்தார்கள். இப்படித் திறந்தால் எப்படிக் குளிரும் என்று அதட்டிவிட்டு, அக்காவும் திறந்து பார்த்தார்.

மறுநாள் விடிந்ததும் கீழ்த்தட்டில் இருந்த வெள்ளரிக்காய் ஜில்லென்று இருந்தது. அக்கா அதைக் கையில் எடுத்தார். கணவர் குப்புறப் படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தார். பக்கத்து அறை வாசலில் நாத்தனார் நின்று, வாயைப் பொத்தியபடி, கழுத்தில் வை என்று சைகை காட்டினார். அக்கா வைத்தார்.