காளீஸ்வரியின் கால் பிரேக்கில் இருந்தது

செக்காலையில் காளீஸ்வரியிடம் கார் ஓட்டக் கற்றுக்கொண்டவர்களுக்கு முதலில் நினைவுக்கு வருவது அவள் குரல்தான். "கிளட்ச்சுல கால வச்சுக்கிட்டுத் தூங்காதீக" என்று அவள் சொன்னால், பக்கத்தில் ஸ்கூட்டியில் போகிறவர்களும் ஒரு தடவை தங்கள் காலைப் பார்த்துக்கொள்வார்கள். டிரைவிங் ஸ்கூல் காரில் சொல்லித்தருகிறவர் பக்கமும் ஒரு பிரேக் உண்டு. அதன் மேல் காலை வைத்தபடியே அவள் பாதி ஆயுளைக் கழித்திருந்தாள். வீட்டில் கணவர் வீரபாண்டியன் மிக்ஸியை வேகமாகத் திருகினால்கூட அந்தக் கால் தரையை அழுத்தும்.

அப்படிப்பட்டவள் விழுந்தது ரோட்டில் அல்ல. கண்டனூரில் ஒரு கல்யாண வீட்டில், யாரோ சிந்திய ரசத்தில் வழுக்கினாள். கழுத்துத் தண்டுவடத்தில் அடி. கையும் காலும் அசையாமல் போயின. குரலுக்கு ஒன்றும் ஆகவில்லை என்பதை ஆஸ்பத்திரி நர்ஸுகள்தான் முதலில் தெரிந்துகொண்டார்கள்.

நித்யஸ்ரீ அவளிடம் கற்று லைசென்ஸ் எடுத்தவள். இப்போது ஓர் இன்ஜினியரிங் கல்லூரியில் ஆராய்ச்சி செய்கிறாள். ஒரு நாள் மோட்டார் வைத்த சக்கர நாற்காலியையும் ஒயர் தொங்கும் தொப்பியையும் கொண்டுவந்து இறக்கினாள். மண்டையைத் துளைக்க வேண்டியதில்லை. தொப்பியை மாட்டினால் மூளையின் மின் அலைகளை வெளியிலிருந்தே படித்துவிடும். இரண்டு கைகளையும் மூடுவதாக நினைத்தால் நாற்காலி போகும். ஒரு கையை மட்டும் நினைத்தால் அந்தப் பக்கம் திரும்பும். பாதத்தை அழுத்துவதாக நினைத்தால் நிற்கும்.

நாற்காலி நின்றது. மறுநாளும் நின்றது. அந்த வாரம் முழுக்க நின்றது.

"அக்கா, கால் சிக்னல் மட்டுந்தான் வருது. எந்நேரமும் பிரேக்க அழுத்திக்கிட்டே இருக்கீக."

"முன்னால சுவரு இருக்குல்ல."

"அது அங்குட்டுத் தள்ளி இருக்குக்கா. அது வராது."

"அது வராது. நான் போவேன்ல."

நித்யஸ்ரீ யோசித்துவிட்டு புரோகிராமைத் திருப்பிப் போட்டாள்: காலை நினைத்தால் ஓடும், கைகளை நினைத்தால் நிற்கும். நாற்காலி அழகாகத் தெருவில் இறங்கியது. வீரபாண்டியனுக்குக் கண் கலங்கிவிட்டது. அந்த நேரம் பார்த்து ஓர் ஆடு குறுக்கே வந்தது. காளீஸ்வரி மனசுக்குள் பிரேக்கை அழுத்தினாள். நாற்காலி வேகமெடுத்தது. பயந்துபோய் இன்னும் அழுத்தினாள், இன்னும் பறந்தது. ஆடு தப்பித்துவிட்டது. நித்யஸ்ரீ பதறிக்கொண்டு, எட்ட இருந்தே நாற்காலியை நிறுத்தக் கையில் வைத்திருந்த அவசர சுவிட்சை அமுக்கியபோது, நாற்காலி எதிர்வீட்டு ஆசியா பீவி காயவைத்திருந்த மோர்மிளகாய்ப் பாயின் நடுவில் இருந்தது.

ஆசியா பீவி வெளியே வந்து நிதானமாகப் பார்த்தாள். "வாங்கக்கா. வாரேன்னு சொல்லியிருந்தா அள்ளி வச்சிருப்பேன்ல."

அன்று காளீஸ்வரியின் குரல் வாசலைத் தாண்டவில்லை. வீரபாண்டியனுக்கு அதுதான் பயமாக இருந்தது. கடைசியில், "எனக்கு இது வராதுங்க. என்கிட்ட கத்துக்க வந்ததுகளவிட மோசமா இருக்கேன்" என்றாள்.

"சொல்லித்தர ஆளு பக்கத்துல இல்லேல்ல, அதான்" என்றார் அவர்.

மறுநாள் நித்யஸ்ரீ புரோகிராமைப் பழையபடி மாற்றினாள். வீரபாண்டியன் அவசர சுவிட்சை வாங்கிக்கொண்டு நாற்காலிக்கு இடது பக்கம் வந்து நின்றார்.

"பிரேக்கு என் கையில இருக்கு. நீ கால எடு."

"டக்குனு அமுக்குவீகளா?"

"அமுக்குவேன்."

"போன தடவ அந்தப் பிள்ளை லேட்டா..."

"ரோட்டப் பாரு. இன்ஸ்ட்ரக்டர்கிட்ட வாய் குடுக்காத."

காளீஸ்வரிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்த சிரிப்பில் காலின் நினைப்பு எங்கேயோ போய்விட்டது; மனசுக்குள் இரண்டு கைகளும் மூடின. நாற்காலி மெல்ல நகர்ந்தது. பத்தடி போவதற்குள் வீரபாண்டியன் சுவிட்சை அமுக்கிவிட்டார்.

"என்னங்க?"

"காக்கா."

"காக்காவுக்கெல்லாம் பிரேக் போடாதீக. பின்னால வர்றவன் இடிச்சிருவான்."

மழைக்காலம் முடிவதற்குள் அவள் தனியாகப் போகப் பழகிவிட்டாள். முதலில் போன இடம் தெருக்கோடித் தையல் கடை. ஜாக்கெட் கழுத்து இறுக்குகிறது என்று வீரபாண்டியனிடம் எத்தனையோ தடவை சொல்லி அனுப்பியிருந்தாள். அவர் கூச்சப்பட்டு, நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டு வந்துகொண்டிருந்தார். இப்போது தையல்காரர் இஞ்ச் டேப்போடு வெளியே வந்து நின்று கேட்டுக்கொண்டார். நாற்காலிக்குப் பின்னால் ஓர் ஆட்டோ ஹாரன் அடித்தது. காளீஸ்வரி அவசரப்படவில்லை. கழுத்தைச் சொல்லி முடித்து, கையின் நீளத்தையும் சொல்லிவிட்டுத்தான் நகர்ந்தாள்.