நிலைமை சரியானதும் கதிரை கேட்டவர்கள்: வட்டுக்கோட்டைப் பக்கம் ஒரு சைக்கிள் பயணம்

1995 மாசி மாதம். சண்டை சற்று ஓய்ந்திருந்த நேரம். வட்டுக்கோட்டைக்கு அப்பால் ஒரு சிற்றூரில் என் மச்சாள் மங்களம் கிராம அபிவிருத்திச் சங்கத் தலைவி. "ஞாயிறு பொதுக்கூட்டம். என்னைப் பதவியிலயிருந்து கலைக்கப் போகினம், வந்து பார்" என்று கடிதம் போட்டிருந்தார். விடுவேனா?

காலை 6.40க்கு யாழ்ப்பாணத்தில் சைக்கிள் ஏறினேன். மானிப்பாய், சங்கானை வழியாக ஒன்பது மைல். சங்கானையில் காற்றுப் போய்விட்டது. ஒட்டுப்போட ஐந்து ரூபாய், இருபது நிமிடம். கடைக்கார அண்ணையும் அதே ஊர்தானாம். மச்சாளின் பேச்சை எடுத்தேன்.

"அந்த மனுசி இல்லாட்டி நாங்கள் எப்பவோ முடிஞ்சம், தங்கச்சி."

"அப்ப கூட்டத்திலை உங்கடை கை அவவுக்குத்தானே?"

"அது... பெரியாக்கள் வேறை மாதிரிக் கதைக்கினம்" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

விஷயம் இதுதான். துவக்கை நீட்டிக்கொண்டு யார் வந்தாலும் "தலைவர் ஆர்?" என்பதுதான் முதல் கேள்வி. முந்திய தலைவரை விசாரணைக்குக் கொண்டுபோய் இருபது நாள் வைத்திருந்தார்கள். அதன்பின் ஆண்கள் ஒருவரும் அந்தத் தலைவர் கதிரைக்குக் கிட்டப் போகவில்லை. "பொம்பிளையெண்டால் ஒண்டும் செய்யமாட்டாங்கள்" என்று மச்சாளைத் தள்ளிவிட்டார்கள். ஐந்து வருடம்! பிடிபட்ட பிள்ளைகளைக் கேட்டு முகாம் வாசல் வாசலாகப் போய் நின்றவர் அவர்தான். இப்போது நிலைமை சரியாம், கதிரையைத் தரட்டுமாம். என்ன நியாயம் பாருங்கள்.

பத்து மணிக்கு வாசிகசாலையில் கூட்டம். ஆண்கள் மர வாங்குகளில், பெண்கள் பாயில். பெண்களும் அங்கத்தவர்கள்தான், ஆனால் கை உயர்த்துவது வீட்டுக்காரர் வேலை என்பது வழக்கம். ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவர் எழுந்தார்.

"பிள்ளை நல்லாய்த்தான் செய்தது. இனி நாங்கள் பாப்பம், அவ வீட்டிலை இருந்து ஆறட்டும்."

மச்சாள் சத்தம் போடவில்லை. கூட்டக் கொப்பியைத் திறந்து பேனையை எடுத்தார்.

"நல்லது, மாஸ்டர். திரும்பப் பிரச்சினை வந்தால் ஆர் போறதெண்டதையும் இப்பவே எழுதுவம். பேரைச் சொல்லுங்கோ."

வாத்தியார் வாங்கில் அமர்ந்துவிட்டார். மச்சாள் பேனையைப் பிடித்தபடியே காத்திருந்தார். அப்படியொரு நிமிர்வை நான் எந்த மேடையிலும் கண்டதில்லை.

பாயிலிருந்து ஒரு கை உயர்ந்தது. வாத்தியாரின் மனைவி! "மங்களம் இருக்கட்டும்." வாத்தியார் திரும்பிப் பார்த்தார், கை இறங்கவில்லை. பிறகு இன்னொன்று, பிறகு பாய் முழுக்கக் கை. உணர்ச்சிவசப்பட்டு நானும் உயர்த்திவிட்டேன். எண்ணியவர் என்னைக் கழித்துவிட்டார். மச்சாளுக்கு நாற்பத்தொன்று, எதிர்த்துப் பதினேழு.

போக நினைப்பவர்களுக்கு: யாழ்ப்பாணத்திலிருந்து பஸ் இருக்கிறது. சைக்கிள் என்றால் வெயில் ஏறுமுன் புறப்படுங்கள், ஒட்டுச் சாமான் கையோடு இருக்கட்டும். பார்க்கப் பெரிய காட்சி ஒன்றும் இல்லை. ஏதாவது ஊர்க்கூட்டம் நடந்தால் பின்னால் போய் இருங்கள். தலைமை தாங்கப் பெண்கள் பயப்படுவார்கள் என்று அங்கே யாராவது சொன்னால், அன்று மத்தியானம் சோறு போட்டபடி மச்சாள் எனக்குச் சொன்னதைச் சொல்லுங்கள். பயமில்லையோ என்று கேட்டிருந்தேன்.

"ஏன் இல்லை? ஒவ்வொருக்காலும் போக முந்தி மூண்டு தரம் கக்கூசுக்கு ஓடுவன். பிறகு முகத்தைக் கழுவிப்போட்டுப் போவன்."